பெரிய ரைஃபிள், சின்ன பட்ஜெட்: எந்தச் சைலன்சர் வாங்கலாம்?

போன இதழில், கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தவன் நான் என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ராயபுரம், பெரம்பூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு என்று எல்லாமே நம்ம வடசென்னைப் பக்கத்திலிருந்துதான். ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருப்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் தம்பி நாலு வருஷமாக நியூசிலாந்தின் தென்தீவில் பால்பண்ணையில் வேலை செய்கிறான். முறைப்படி உரிமம் வாங்கி மான் வேட்டைக்கும் தார் வேட்டைக்கும் போகிறான். கூட வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் பழைய .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளை வாங்கியிருக்கிறான். சத்தம் தாங்க முடியவில்லை, சைலன்சர் போட வேண்டும், ஆனால் வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டும், அதிகம் செலவு செய்ய முடியாது என்கிறான். எதைப் பார்த்து வாங்கச் சொல்வது? அவன் வேட்டைக்குப் போவதே எங்கள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன் அண்ணே.
*ராயபுரம் வாசகர்*

முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்துக்குச் சொந்தமான தரைப் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். மான் எல்லாம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுபோய் விட்டவை. தார் என்பது இமயமலை வரையாடு, நம் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அதை 1904இல் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அடித்துத் தின்ன அங்கே புலியோ சிறுத்தையோ கிடையாது, அதனால் பெருகிப் பெருகி மலைச்செடிகளை மொட்டையடிக்கின்றன, அரசாங்கமே ஆள் வைத்துச் சுட்டுக் குறைக்கிறது. நம் ஊரில் காக்க வேண்டிய விலங்கின் சொந்தக்காரன் அங்கே குறைக்க வேண்டிய விலங்காக இருக்கிறான். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் அதுவும் நியாயம்தான், வற்புறுத்த வேண்டாம்.

சரி, சைலன்சருக்கு வருவோம். அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று புரியும். கோலி சோடா குடித்தவர்களுக்கு இது ரொம்பச் சுலபம். கோலியை ஒரே அழுத்தாக அழுத்தினால் ‘டப்’ என்று வெடிக்கும், விரலை மெல்ல விட்டு விட்டு அழுத்தினால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இறங்கும். உள்ளே இருக்கிற காற்று இரண்டு தடவையும் ஒன்றுதான், வெளியே வர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறு. ரைஃபிளில் குண்டு குழல் வாயைத் தாண்டியதும் பின்னால் வருகிற கொதிக்கும் வாயு ஒரே நொடியில் வெளியே பாய்வதுதான் அந்தப் பெரிய சத்தம். சைலன்சருக்குள் தடுப்புத் தட்டுகள் வரிசையாக இருக்கும், பேஃபிள் என்பார்கள். வாயு ஒவ்வொரு அறையிலும் விரிந்து, சூடு குறைந்து, நிதானமாக வெளியேறும். இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் காப்புரிமை வாங்கினார். காருக்குச் சைலன்சர் செய்யும் வேலையும் அவரே பார்த்தார். அவருடைய அப்பாதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர், அந்தச் சத்தத்திலேயே கிடந்து காது மந்தமாகிப் போனவர். நினைத்துப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

தம்பியின் .300 வின் மேக் தோட்டாவில் சுமார் 4.5 கிராம் வெடிமருந்து எரியும். சாதாரண .308 தோட்டாவில் 3 கிராம் அளவுக்குத்தான். அதாவது ஒன்றரை மடங்கு வாயு. மேக்னம் என்பதே இப்படி மருந்து கூடிய தோட்டாவுக்குச் சொல்கிற பெயர். சைலன்சர் இல்லாமல் இந்த மாதிரி ரைஃபிள் 165 முதல் 170 டெசிபல் வரை உச்சம் தொடும். நம் ஊரில் பட்டாசுக்கு 4 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் உச்சம் 145 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. டெசிபல் கணக்கில் 10 கூடினாலே சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள், தம்பி ஒவ்வொரு தடவையும் கன்னத்தோடு வைத்து வெடிப்பது என்ன என்று தெரியும். நல்ல சைலன்சர் இதில் 25, 30 டெசிபல் குறைக்கும். குறைத்த பிறகும் 140ஐ ஒட்டித்தான் வந்து நிற்கும். அந்த 140தான் ஒரே வெடியில் காதைக் கெடுக்கக்கூடிய எல்லை என்று பாதுகாப்பு விதிகளில் வைத்திருக்கிறார்கள். ஆகவே சைலன்சர் வாங்கினாலும் காது மூடி போட்டே ஆக வேண்டும். பட்ஜெட் போடும்போது காது மூடியின் விலையை முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள், மீதியில்தான் சைலன்சர்.

இனி வாங்குவது. முதலில் பார்க்க வேண்டியது துவாரம். .300 வின் மேக் குண்டின் குறுக்களவு .308 அங்குலம், மில்லிமீட்டரில் 7.8. சைலன்சர் .30 கேலிபர், அதாவது அந்தக் குறுக்களவுக் குண்டுக்கானதாக, அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர் ‘என்னிடம் 6.5 மில்லிமீட்டர் சைலன்சர் ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்’ என்று பாசமாகக் கொடுப்பார், மரையும் அழகாக ஏறும். மரை ஏறிவிட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. சின்னத் துவாரத்துக்குள் பெரிய குண்டு போனால் சைலன்சர் கிழிந்து துண்டு துண்டாகப் பறக்கும், பக்கத்தில் நிற்பவர் கதி என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாறாக, பெரிய துவாரச் சைலன்சரைச் சின்னக் குண்டுக்குப் போடலாம், சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான். பிற்காலத்தில் இன்னும் பெரிய .338 குண்டுக்குப் போகிற எண்ணம் தம்பிக்கு உண்மையிலேயே இருந்தால் .338 சைலன்சராக ஒரே தடவையில் வாங்கிவிடுவது சிக்கனம். எண்ணம் இல்லையென்றால் வேண்டாம்.

அடுத்தது, பலர் கோட்டைவிடுகிற இடம். கடைக்காரர் ‘.30 கேலிபர்தான், பொருந்தும்’ என்று சொல்வது போதாது. .308உம் .30 கேலிபர்தான், .300 வின் மேக்கும் .30 கேலிபர்தான், ஆனால் அழுத்தம் வேறு. மேக்னம் தோட்டாவுக்குத் தாங்கும், குழல் குறைந்தபட்சம் இத்தனை நீளம் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே எழுத்தில் கொடுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். குழல் குட்டையானால் மருந்து எரிந்து முடிவதற்குள் வாயு சைலன்சருக்குள் வந்துவிடும், முதல் தட்டு அடி வாங்கும். அங்கே நிறையப் பேர் சைலன்சர் மாட்டுவதற்காகவே குழலை வெட்டிக் குட்டையாக்குவார்கள், காட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்கச் சுலபம் என்று. என்னைக் கேட்டால் மேக்னம் குழலை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். அந்த நீளத்துக்குத்தானே மேக்னம் வாங்கினான்? ஒரு சீசன் அப்படியே பயன்படுத்திப் பார்க்கட்டும், வெட்டுகிற காசும் மிச்சம்.

அப்படியென்றால் நீளம்? பழைய .300 என்றால் குழல் 24 அங்குலமாவது இருக்கும். அதன் முனையில் முழுச் சைலன்சரையும் மாட்டினால் பந்தல்கால் மாதிரி ஆகிவிடும். அதற்குத்தான் நியூசிலாந்துக்காரர்கள் குழல்மேல் சைலன்சரை விரும்புகிறார்கள். பாதிச் சைலன்சர் குழலின் மேல் பின்னோக்கி உறைபோல உட்கார்ந்துகொள்ளும், முனைக்கு முன்னால் கொஞ்சம்தான் நீட்டும். எடையும் கைக்குப் பக்கத்தில் வரும், குறி பார்க்கும்போது மூக்கு கவிழாது. ஆனால் வாங்குவதற்கு முன் குழலின் பருமனை முனையிலிருந்து ஒரு சாண் தூரம் வரை வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். தடித்த குழலில் அந்த உறை ஏறாது. இன்னொன்று, பழைய ரைஃபிள் என்பதால் முனையில் இரும்புக் குறிமுள் இருக்கும், அது இடிக்கும். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

உலோகத்தில்தான் காசு ஓடிப்போகும். டைட்டானியம் எடை குறைவு, உறுதி, விலை அதிகம். ஸ்டீல் உறுதி, விலை பரவாயில்லை, எடை அரைக் கிலோவுக்கு மேல் போய்விடும். அலுமினியம் எடையும் குறைவு, விலையும் குறைவு, ஆனால் மடமடவென்று பத்து இருபது தோட்டா சுட்டுச் சூடேற்றினால் சீக்கிரம் தேயும். இப்போது தம்பி செய்வது என்ன என்று யோசியுங்கள். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றுகிற போல்ட் ரைஃபிள், மலை ஏறி இறங்கி ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ தோட்டா. பல நாள் அதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வீடு. இந்த வேலைக்கு டைட்டானியம் தேவையே இல்லை. வாயு முதலில் மோதுகிற தட்டு மட்டும் ஸ்டீலாக இருந்து, மீதி உடம்பு அலுமினியமாக, மேக்னம் தாங்கும் என்று எழுத்தில் இருந்தால் போதும். அங்கேயே தயாராகிற டிபிடி, ஹார்டி போன்ற பெயர்களைக் கடையில் கேட்டு விலை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உள்ளூர்த் தயாரிப்பில் எனக்குப் பிடித்த விஷயம், ஏதாவது கோளாறு என்றால் கூரியரில் அனுப்பிச் சரிசெய்து வாங்கிவிடலாம்.

மிச்சம் பிடித்த காசை எங்கே போட வேண்டும் தெரியுமா? மரை வெட்டுவதில். பழைய ரைஃபிள், குழல் முனையில் மரை இருக்காது, துப்பாக்கி வேலை தெரிந்த கன்ஸ்மித்திடம் கொடுத்துத்தான் வெட்ட வேண்டும். குழலின் வெளிப்பக்கமும் உள் துவாரமும் ஒரே நடுக்கோட்டில் இருக்கும் என்று நினைக்காதீர்கள், பல குழல்களில் இருக்காது. உள் துவாரத்தைப் பிடித்து வெட்டுகிற ஆள்தான் வேண்டும். எங்கள் கடையில் ஒருவர் இருப்பதிலேயே விலை கூடிய டைட்டானியம் சைலன்சர் வாங்கிப் போனார், மரையை மட்டும் தெரிந்தவர் ஷெட்டில் மலிவாக வெட்டிக்கொண்டார். முதல் தோட்டாவே உள்ளே தட்டுகளை உரசிக்கொண்டு போனது. மறுநாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கவுண்டரில் நின்ற முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அரை மில்லிமீட்டர் கோணல், மொத்தக் காசும் போச்சு. மரை அளவு எது என்பதையும் அந்தக் கன்ஸ்மித்தே சொல்லட்டும். 14 மில்லிமீட்டர் தடிமனில் 1 மில்லிமீட்டர் இடைவெளி மரை, அரை அங்குலத் தடிமனில் அங்குலத்துக்கு 28 மரை, 5/8 அங்குலத் தடிமனில் அங்குலத்துக்கு 24 மரை என்று பல அளவு ஓடுகிறது. அரை அங்குல மரை மேக்னம் குழலுக்குச் சுவரை ரொம்ப மெலிசாக்கிவிடும், தடித்த மரையே நல்லது. சைலன்சரின் மரையும் அதே அளவா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

பழசு வாங்கலாமா என்றால், வாங்கலாம், கண் நன்றாகத் தெரிகிற பகலில். சைலன்சரைத் தனியாகக் கையில் எடுத்து, வெளிச்சத்தைப் பார்த்துத் துவாரத்தின் வழியே நோக்கினால் எல்லாத் தட்டும் ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும். எந்த வட்டத்திலாவது பளபளவென்று ஒரு பக்கம் கடித்த மாதிரி இருந்தால் குண்டு உரசியிருக்கிறது, வைத்துவிட்டு வந்துவிடலாம். பெட்டியில் போட்டிருக்கிற டெசிபல் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். எந்தத் தோட்டாவில் அளந்தார்கள், எங்கே மைக் வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். குழல் வாய்க்குப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி அளப்பது வழக்கம், சுடுகிறவன் காது இருக்கிற இடம் வேறு. .22 என்ற சின்னத் தோட்டாவில் அளந்த எண்ணை மேக்னத்துக்குச் சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மாட்டிய பிறகு ஸ்கோப்பை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள், குழல் முனையில் எடை ஏறினால் குண்டு விழும் இடம் மாறும். சுடும்போது தோளில் விழுகிற உதை கணிசமாகக் குறையும், அதைத் தம்பியே சொல்வான். வேட்டை முடிந்ததும் சைலன்சரைக் கழற்றி உலர வைக்க வேண்டும். மழையில் நனைந்து, உள்ளே கரியும் ஈரமுமாகக் குழலிலேயே இருந்தால் குழல் வாயில் துரு ஏறும். எண்ணூர்க் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார். சைலன்சர் எதற்கு, அதில் பாதி விலைக்கு மஸில் பிரேக் கிடைக்கிறதே, அதுவும் உதையைக் குறைக்கிறதே என்கிறார். எது சரி? அங்கே சைலன்சருக்குச் சட்டம் எப்படி?
*பெரம்பூர் வாசகர்*

மஸில் பிரேக் என்பது குழல் முனையில் மாட்டுகிற, பக்கவாட்டில் துவாரங்கள் உள்ள சின்னத் துண்டு. அது மலிவு என்பது உண்மை. உதையைக் குறைப்பதும் உண்மை, சில சமயம் சைலன்சரை விட நன்றாகவே குறைக்கும். ஆனால் அது வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிட்டுத்தான் உதையைக் குறைக்கிறது. அதாவது சத்தத்தைச் சுடுகிறவர் முகத்துக்கும் பக்கத்தில் இருப்பவர் முகத்துக்கும் அனுப்புகிறது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடும் மைதானத்தில், காது மூடியை ஒரு பக்கம் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேடையில் பிரேக் போட்ட .300 ஒன்று வெடித்தது. அறை விழுந்த மாதிரி இருந்தது. இடது காதில் அன்றைக்கு ஆரம்பித்த ‘கீ’ என்ற ஒலி பதினொரு வருஷமாக இன்னும் நிற்கவில்லை. ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு, கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி போகிற சத்தத்துக்காகக் காத்திருப்பேன், அது வந்தால் கொஞ்ச நேரம் இந்த ஒலி மறைந்திருக்கும். பாதி விலை என்று மாப்பிள்ளை சொல்லும்போது மீதியை எதில் கட்டுகிறோம் என்று அவர் யோசிக்க வேண்டும். கூட வருகிற நண்பரும் நாயும் சேர்ந்து கட்டுவார்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி சைலன்சருக்கு 200 டாலர் வரி இருந்தது, அப்போது அது பெரிய தொகை. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். வரி போனதே தவிர விண்ணப்பம், கைரேகை, பதிவு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. அதைவிட முக்கியம் எந்த மாநிலம் என்பது. நம்மவர்கள் நிறைய இருக்கிற கலிஃபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் பொதுமக்கள் வைத்திருக்கவே கூடாது, நியூயார்க், இல்லினாய் மாநிலங்களிலும் அப்படித்தான். மாப்பிள்ளை வேலை விசாவில் இருக்கிறார் என்றால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். குடியேற்ற உரிமை இல்லாத விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகத் தடை, வேட்டை உரிமம் உள்ளவர்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அங்கத்திய வக்கீல் ஒருவரைக் கேட்காமல் ஒரு டாலர்கூட கட்ட வேண்டாம். மாட்டிக்கொண்டால் போவது துப்பாக்கி இல்லை, விசா.

கேள்வி: சினிமாவில் சைலன்சர் மாட்டினால் ‘புஸ்’ என்று மட்டும்தான் கேட்கிறதே? பக்கத்து அறையில் இருப்பவனுக்குக்கூடத் தெரியவில்லையே?
*தண்டையார்பேட்டை வாசகர்*

தெரியும். பெரிய ரைஃபிளில் நன்றாகவே தெரியும். இரண்டு சத்தம் இருக்கிறது. ஒன்று குழல் வாயில் வாயு வெடிப்பது, அதைத்தான் சைலன்சர் குறைக்கிறது. இன்னொன்று குண்டே போடுகிற சத்தம். காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது, .300 வின் மேக் குண்டு ஏறக்குறைய 900 மீட்டர் போகிறது. ஒலியை முந்திக்கொண்டு போகும் எதுவும் சாட்டையடி மாதிரி ஒரு வெடிப்பை வழியெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். சைலன்சரை விட்டு வெளியே போன குண்டை அந்தச் சைலன்சர் எப்படி அடக்கும்? பள்ளத்தாக்கில் நின்று கேட்டால் எங்கிருந்து சுட்டார்கள் என்பது குழப்பமாக இருக்குமே தவிர, சுட்டது தெரியாமல் போகாது. அன்றைய நாளின் முதல் தோட்டா மட்டும் கூடுதலாக வெடிக்கும் என்பதும் உண்டு, சைலன்சருக்குள் இருக்கிற காற்றின் ஆக்சிஜனில் மிச்ச வாயு எரிவதால்.

கேள்வி: நான் முப்பது வருஷமாக லேத்தில் வேலை செய்கிற டர்னர். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒரு குழாயும் நாலு தட்டும்தானே? இதற்கு ஏன் இவ்வளவு விலை? நாங்களே கடைந்துவிட முடியாதா?
*வியாசர்பாடி வாசகர்*

ஐயா, உங்கள் கையின் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் நூலளவு பிசகாமல் கடைகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் இதைச் செய்யவே கூடாது. நம் ஆயுத விதிகளில், துப்பாக்கிச் சத்தத்தையோ நெருப்பையோ குறைக்கிற துணைச்சாமானை மிகக் கடுமையான முதல் வகையிலேயே வைத்திருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் செய்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு, சிறை. ‘சும்மா ஒரு மாடல் பண்ணிக் கொடுங்கள், ஜெனரேட்டருக்கு’ என்று யாராவது ஒரு படத்தை நீட்டி, குழாயின் நடுவில் நேர்க்கோட்டில் துவாரம் கேட்டால், அந்த ஆர்டரைத் தொடாதீர்கள். ஜெனரேட்டர் சைலன்சருக்கு நேர்த் துவாரம் எதற்கு என்று உங்களுக்கே தெரியும்.

விலைக்குக் காரணம் குழாய் இல்லை. வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் கடும் சூடும் அழுத்தமும் தாங்கும் உலோகம், ஒவ்வொரு துண்டும் சோதிக்கப்பட்டது என்ற உத்தரவாதம், எந்தத் தோட்டாவுக்கு எந்தக் குழல் நீளம் என்று வெடித்துப் பார்த்து எழுதிக் கொடுக்கிற பொறுப்பு, இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை.

கேள்வி: என் மகன் ஃபின்லாந்தில் படிக்கிறான். லீவில் வரும்போது சைலன்சரை மட்டும் ஞாபகார்த்தமாகக் கொண்டுவரலாமா? துப்பாக்கி இல்லையே?
*திருவொற்றியூர் வாசகர்*

கூடாது. துப்பாக்கி இல்லாமல் வெறும் சைலன்சர் என்றாலும் மேலே சொன்ன அதே விதிதான், மீனம்பாக்கத்தில் இறங்கிய கையோடு கேஸ் ஆகும். ஃபின்லாந்தில் வேட்டைக்காரர்கள் சைலன்சர் போடுவது சர்வசாதாரணம், அது காதுக்கும் அக்கம்பக்கத்துக்கும் செய்கிற மரியாதை என்றுதான் அங்கே பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அதையே பொதுவாகத் தடை செய்திருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு இவ்வளவு வித்தியாசம். இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையே தடை. மகனிடம் அங்கத்திய காப்பிக் கோப்பை ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள்.

கேள்வி: உங்கள் பழைய பதிலில் காதில் ‘கீ’ என்ற சத்தம் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்கள். எனக்குத் துப்பாக்கி எல்லாம் தெரியாது. இருபத்தெட்டு வருஷமாக விசைப்படகு ஓட்டுகிறேன். எனக்கும் அதே சத்தம் வருகிறது. வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன் என்று சண்டை. இது வயசா, இல்லை எஞ்சினா?
*காசிமேடு வாசகர்*

வந்த கடிதங்களிலேயே நான் இரண்டு தடவை படித்தது உங்களுடையதுதான் அண்ணே. வயசுக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் இருபத்தெட்டு வருஷம் டீசல் எஞ்சின் பக்கத்தில் நின்ற காதில் எஞ்சினுக்குப் பங்கு இல்லாமல் இருக்காது. ரைஃபிள் ஒரே அடியில் செய்வதை எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும். உள்காதில் மயிர்போல் நுண்ணிய செல்கள் இருக்கின்றன, செத்துப்போனால் மறுபடி முளைக்காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது உலகத்தில் பலரும் ஏற்கிற பாதுகாப்புக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி, 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். நீங்கள் கடலில் இருப்பது கால் மணி நேரமா?

போனது திரும்பாது என்பதால் விட்டுவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள், இருப்பதைக் காப்பாற்றலாம். எஞ்சின் அறைக்குள் இறங்கும்போது ஹெட்ஃபோன் மாதிரி இருக்கிற காது மூடி போடுங்கள். வேட்டைக்காரர்கள் போடுவதும் அதே சாமான்தான், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், பஞ்சை அடைத்துக்கொள்வதில் பெரிதாகப் பயன் இல்லை. படகின் புகைக்குழாய்ச் சைலன்சர் ஓட்டையாகி, கேஸ்கெட் போய், ‘பட பட’ என்று அடித்தால் அதை மாற்றாமல் ஓட்டாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது வலை பின்னுவதோடு இதையும் பார்த்துவிடலாம். ஆனால் காதைக் காட்டுவதற்குத் தடைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துக்கொண்டாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கே போக வேண்டும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். காது மூக்குத் தொண்டைப் பிரிவில் சொல்லி ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற சோதனை, எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு மகன்களும் படகில் வருகிறார்கள் என்று கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்களே, அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், இப்போது எடுத்து வைத்தால்தான் பின்னால் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட முடியும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு முந்தின 14 மணி நேரமாவது எஞ்சின் பக்கம் யாரும் போக வேண்டாம். ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டுக் காலையில் நேராக அங்கே போனால், எஞ்சின் சத்தத்தில் தற்காலிகமாக அடைத்திருக்கிற மந்தத்தையும் சேர்த்து அளந்துவிடுவார்கள்.